அயோவின் உப்புத் தூசி: கோத்தகிரி தொலைநோக்கி மாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலம் முடியும் தறுவாயில், வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் நாட்களில், கோத்தகிரிப் பக்கம் பள்ளி மைதானங்களில் தொலைநோக்கி வைத்து வியாழனைக் காட்டுகிறோம். வரிசையில் நிற்பவர்கள் பாதிப் பேர் வியாழனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மீதிப் பேர் கேட்கும் கேள்விகள், எங்கே தொடங்கினாலும், அயோ என்ற நிலாவின் எரிமலைகளில் வந்து நிற்கும். அங்கிருந்து கிளம்பும் தூசி வியாழனின் காந்தமண்டலத்தை, அதாவது அதன் காந்தப்புலம் ஆளும் வெளியை, கடந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் போகிறது என்றதும் கேள்விகள் இரண்டு மடங்காகும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே.

நாலு புள்ளி தெரியுது. அதுல அயோ எது?

பெரும்பாலும் வியாழனை ஒட்டியிருப்பது. 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் உள்வட்டத்தில் சுற்றுவது இதுதான். வியாழனிலிருந்து 4,21,700 கி.மீ. தூரம், ஒரு சுற்றுக்கு சுமார் 42 மணி நேரம். நம் நிலாவைவிடச் சற்றே பெரியது, குறுக்களவு 3,640 கி.மீ. தூரமும் கிட்டத்தட்ட நம் நிலாவின் தூரம்தான். ஆனால் நம் நிலா மாதம் முழுக்க எடுத்துக்கொள்ளும் சுற்றை அயோ இரண்டு நாளுக்குள் முடித்துவிடும். மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை, ஒன்பது மணிக்கு ஒரு தடவை பார்த்தால் இடம் மாறியிருப்பது தெரியும்.

"வியாழனை ஒட்டியிருப்பது" என்பதை முழுக்க நம்பவும் வேண்டாம். மற்ற நிலாக்கள் வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ கடக்கும்போது அவையும் ஒட்டித்தான் தெரியும். கைப்பேசியில் ஏதாவது ஒரு வான வரைபடச் செயலியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு குளிர்ல எரிமலையா?

தரை குளிர்தான், கந்தக டை ஆக்சைடு உறைபனியாகப் படியும் அளவுக்கு. உள்ளே அனல். காரணம் வியாழனின் ஈர்ப்பு. அயோ ஒரு சுற்று முடிக்கும்போது யூரோப்பா அரைச் சுற்றும், கானிமீடு கால் சுற்றும் முடிக்கின்றன. இந்த ஒழுங்கான இழுபறியால் அயோவின் பாதை சரியான வட்டமாக ஆகவே முடிவதில்லை. வியாழனை நெருங்கும்போது கூடுதலாக இழுபட்டு, விலகும்போது தளர்ந்து, அதன் பாறை உடல் விடாமல் பிசையப்படுகிறது. அந்த உராய்வுதான் வெப்பம்.

இதை ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசன், ரே ரெனால்ட்ஸ் மூவரும் 1979 மார்ச் 2 அன்று வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த வாரமே வாயேஜர் 1 விண்கலம் அயோவைக் கடந்தது. மார்ச் 8 அன்று அது எடுத்த ஒரு படத்தில், நிலாவின் விளிம்புக்கு வெளியே குடைபோல் எதுவோ எழும்பி நிற்பதை லிண்டா மொராபிட்டோ கவனித்தார். பூமிக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும் எரிமலையை மனிதர் பார்த்தது அதுவே முதல் முறை. இன்று 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள் கணக்கில் உள்ளன. பெலே என்ற எரிமலையின் பீறல் 300 கி.மீ. உயரம் வரை போகும்.

அப்ப எரிமலை தூக்கியடிக்கிற தூசிதான் நேரா விண்வெளிக்குப் போயிடுதா?

இல்லை. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அயோவைவிட்டு வெளியேற நொடிக்கு 2.56 கி.மீ. வேகம் வேண்டும். பீறலின் வாயு நொடிக்கு ஒரு கி.மீ. சுமாருக்குத்தான் வருகிறது. எனவே மேலே போனது பெரும்பாலும் குடைபோல் விரிந்து மறுபடியும் தரையில்தான் கொட்டும். படங்களில் பெலேயைச் சுற்றித் தெரியும் பெரிய சிவப்பு வளையம் அப்படிக் கொட்டியதுதான்.

எரிமலை செய்வது தூசியை மாடி வரை ஏற்றிவிடுவது மட்டும். சில நூறு கி.மீ. உயரத்தில் வியாழனின் காந்தமண்டலம் காத்திருக்கிறது. அங்கிருந்து தூக்கிக்கொண்டு போவது அதன் வேலை.

காந்தம் இரும்பைத்தானே இழுக்கும்? தூசியை எப்படி இழுக்கும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே சிறந்த கேள்வி இதுதான். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது. "உப்பு மேல காந்தத்தைக் காட்டினா ஒண்ணும் ஆகாதே, அக்கா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். காந்தம் அந்தத் தூசியை இழுக்கவில்லை.

இரண்டு விஷயம் நடக்கிறது. முதலாவது, தூசிக்கு மின்னூட்டம் ஏறுகிறது. அயோவைச் சுற்றி இருப்பது வெற்றிடம் அல்ல. அயோவிலிருந்து கசியும் கந்தகம், ஆக்சிஜன் அணுக்கள் அயனிகளாகி, வியாழனைச் சுற்றி ஒரு பெரிய பிளாஸ்மா (மின்னூட்டம் ஏறிய வாயு) வளையமாகத் தங்கியிருக்கின்றன. அந்த வளையத்தின் குளிர்ந்த பகுதியில் எலக்ட்ரான்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு அதை எதிர்மின் ஆக்கும். சூடான பகுதியில் வேகமாக வந்து மோதும் ஒரு எலக்ட்ரான், ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றும். சூரிய ஒளியும் தன் பங்குக்குச் சிலவற்றைப் பிடுங்கும். அப்போது தூசி நேர்மின் ஆகிறது, சில வோல்ட் அளவுக்கு.

இரண்டாவது, வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடும். அதன் காந்தப்புலமும், அதில் மாட்டிய பிளாஸ்மாவும் கூடவே சுழல்கின்றன. அயோவின் தூரத்தில் இந்தச் சுழற்சி வேகம் நொடிக்கு 74 கி.மீ.; அயோவின் சொந்த வேகம் 17 கி.மீ.தான். ஆக, காந்தப்புலம் நொடிக்கு 57 கி.மீ. வேகத்தில் அயோவை முந்திக்கொண்டே இருக்கிறது. காந்தப்புலம் இப்படிக் கடந்து ஓடும் இடத்தில் நிற்கும் மின்னூட்டத்துக்கு அது ஒரு மின்புலமாகத் தெரியும். சைக்கிள் டைனமோவில் பல்பு எரிவதும் இதே விதியால்தான்.

அந்த மின்புலத்தின் அளவு மீட்டருக்கு சுமார் 0.1 வோல்ட். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் திசை என்பதுதான் விஷயம். வியாழனின் காந்தத் துருவங்கள் பூமியுடையதற்கு நேர் எதிராக அமைந்திருக்கின்றன. அங்கே திசைகாட்டியை வைத்தால் நம் வடக்கு முள் தெற்கைக் காட்டும். அதனால் அந்த மின்புலம் வியாழனிடமிருந்து வெளிநோக்கி இருக்கிறது. நேர்மின் தூசி வெளியே தள்ளப்படும், எதிர்மின் தூசி உள்ளே இழுபடும். வியாழனின் காந்தம் பூமிபோல் அமைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நேர்மின் தூசி எல்லாம் உள்நோக்கித் திரும்பியிருக்கும்.

காந்தப்புலம் தானாக எதற்கும் வேகம் கூட்டாது, திசையை மட்டும்தான் வளைக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிப்போம். அப்படியானால் இந்த ஆற்றல் யார் கொடுத்தது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வியாழனின் சுழற்சிதான். ஒவ்வொரு துகளையும் அனுப்பும்போது வியாழன் எள்ளளவிலும் எள்ளளவு மெதுவாகிறது.

எல்லாத் தூசியும் இப்படிப் போயிடுமா?

போகாது. இங்கே தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சல்லடை மேல் சல்லடையாகச் சலித்து, டஸ்ட் தனியாக, பெரிய இலைத்தூள் தனியாகப் பிரியும். வியாழனின் காந்தமண்டலமும் அப்படி ஒரு ரகத்தை மட்டும்தான் வெளியே விடுகிறது.

கணக்கு எளிது. ஒரு துகளில் ஏறும் மின்னூட்டம் அதன் ஆரத்தைப் பொறுத்தது. எடையோ ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து வோல்ட் ஏறினால் அதில் சுமார் 35 எலக்ட்ரான்கள் குறைந்திருக்கும். அதன்மீது மின்விசை, அயோவின் ஈர்ப்பைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். துகளுக்கு அயோ என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஆரத்தை நூறு மடங்காக்கி ஒரு மைக்ரான் ஆக்குங்கள். மின்னூட்டம் நூறு மடங்கு கூடும், எடை பத்து லட்சம் மடங்கு கூடும். மின்விசை ஈர்ப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் துகள் சமர்த்தாகத் தரைக்கே திரும்பும்.

ரொம்பச் சின்னதாக இருந்தாலும் தப்ப முடியாது. சில நானோமீட்டருக்கும் கீழே போனால் துகள் ஓர் அயனிபோல் நடந்துகொள்ளும். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றிச் சுருண்டு, வியாழனோடு சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில், பத்து நானோமீட்டரை ஒட்டிய ரகம் மட்டும்தான் வெளியே போகிறது. அது எவ்வளவு சின்னது என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். எந்தத் தொலைநோக்கியிலும் அந்தத் துகளைத் தனியாகப் பார்க்க முடியாது.

வேகம் எவ்வளவு?

நொடிக்கு 200 முதல் 400 கி.மீ. சூரியக் குடும்பத்தில் இவ்வளவு வேகமாக ஓடும் திடப்பொருள் அபூர்வம். நேர்கோட்டில் போனால் ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நொடி.

கணக்குப் பிடித்தவர்களுக்கு: வியாழனின் காந்தமண்டலம் முழுக்கக் கூடவே சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அயோவின் பாதையிலிருந்து வெளியே வரை மின்னழுத்த வேறுபாடு ஆறு கோடி வோல்ட்டைத் தாண்டும். துகளில் 35 அலகு மின்னூட்டம். இரண்டையும் பெருக்குங்கள், ஆற்றல் கிடைக்கும். துகளின் அடர்த்தி நீரைப்போல் இருமடங்கு என்று எடுத்து எடையைப் போட்டால், வேகம் நொடிக்கு 290 கி.மீ. வரும். விண்கலங்களின் தரவு சொல்வதும் அதற்குள்தான். பதினோராம் வகுப்புக் கணக்கில் இது இவ்வளவு அழகாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பார்க்கவே முடியாதுன்னா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

மோதவிட்டுத்தான்.

யுலிசிஸ் என்ற விண்கலம் சூரியனின் துருவங்களை ஆராயக் கிளம்பியது. பாதையை வளைத்துக்கொள்வதற்காக 1992 பிப்ரவரி 8 அன்று வியாழனை நெருங்கிக் கடந்தது. அதில் ஒரு தூசிமானி இருந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் எபர்ஹார்ட் குருன் குழு செய்த கருவி: பொன்முலாம் பூசிய அரைக்கோளக் கிண்ணம், ஆயிரம் சதுர சென்டிமீட்டர் வாய், உள்ளே மின்வலைகள். ஒரு துகள் கிண்ணத்தில் மோதினால் அது ஆவியாகி, கூடவே கொஞ்சம் பொன்னையும் ஆவியாக்கி, ஒரு துளி பிளாஸ்மாவாக வெடிக்கும். அதன் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அயனிகள் ஒரு பக்கமும் ஈர்க்கப்படும். அந்த இரண்டு மின்துடிப்புகளின் அளவையும் ஏறும் வேகத்தையும் வைத்துத் துகளின் எடையும் வேகமும் ஊகிக்கப்படும்.

வியாழனை நெருங்கும்போதும் விலகும்போதும் இந்தக் கருவியில் தூசி அலை அலையாக விழுந்தது. அதுவும் சுமார் 28 நாளுக்கு ஒரு முறை, தாரை தாரையாக. விண்வெளியில் தூசி இருக்கும், சரி. ஆனால் நாள்காட்டி பார்த்து வரும் தூசியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வந்தது கலிலியோ விண்கலம், அதிலும் அதே கிண்ணம்தான். 1995 ஆகஸ்டில், வியாழனை அடைய இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே, ஒரே நாளில் 20,000 துகள்கள் வரை மோதின. வழக்கமாக அந்தப் பகுதியில் மூன்று நாளுக்கு ஒரு துகள் விழுந்தாலே அதிகம்.

துகளின் வேகத்தை முதலில் நொடிக்குச் சில பத்து கி.மீ. என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் கருவியை அளவுபடுத்தியது அந்த வேகங்களுக்குள்தான். அதற்கு மேல் ஆய்வகத்தில் துகளைச் செலுத்த முடியவில்லை. 1996-ல் ஹெர்பர்ட் சூக் முதலானோர் துகள்களின் பாதையை சூரியக் காற்றின் காந்தப்புலத்தோடு சேர்த்துப் பின்னோக்கிக் கணித்துப் பார்த்தார்கள். வேகம் 200 கி.மீ.க்கு மேல் இருந்தால்தான் பாதை வியாழனில் போய் முடிகிறது. துகள்கள் நினைத்ததைவிட ஆயிரம் மடங்கு எடை குறைந்தவை என்று அப்போதுதான் தெளிவானது.

ஆனால் வியாழனில் எங்கே? வியாழனின் மெல்லிய வளையம் ஒரு சந்தேக நபர். அயோ இன்னொன்று. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

இதைத் தீர்த்த விதம் எனக்கு எரிமலைப் படங்களைவிடப் பிடித்தது. அமரா கிராப்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் கலிலியோவின் பல்லாயிரம் மோதல் பதிவுகளை எடுத்து, அவற்றின் நேரங்களை மட்டும் ஆராய்ந்தார்கள். துகள் எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது, எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்கு எத்தனை விழுந்தது என்ற கணக்கு போதும். அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் தாளங்களைப் பிரித்தபோது, வியாழனின் பத்து மணி நேரச் சுழற்சி தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். வியாழனின் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், அது சுழலும்போது தூசித் தாரையும் மேலும் கீழும் ஆடும். எங்கிருந்து கிளம்பிய தூசியானாலும் இந்தப் பத்து மணி நேரம் அதில் பதிவாகும். ஆனால் கூடவே 42 மணி நேரமும் தெரிந்தது. இரண்டு தாளமும் கலந்தால் வர வேண்டிய துணைத் தாளங்களும் தெரிந்தன. 42 மணி நேரம் அயோவின் கையெழுத்து. வளையத்துக்கு அந்தக் காலம் கிடையாது. 2000-ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவோடு வழக்கு முடிந்தது.

28 நாள் கணக்கு என்னாச்சு?

அது அயோவும் இல்லை, வியாழனும் இல்லை, சூரியன். சூரியன் நம் பார்வைக்கு சுமார் 27 நாளுக்கு ஒரு முறை சுழல்கிறது. அது வீசும் சூரியக் காற்றில் காந்தப்புலம் ஒரு பகுதியில் ஒரு திசையிலும் அடுத்த பகுதியில் எதிர்த்திசையிலும் இருக்கும். வியாழனிலிருந்து வெளியே வந்த தூசி இந்தப் பகுதிகளில் மாறி மாறி மேலும் கீழும் வளைக்கப்படுகிறது. விண்கலம் இருக்கும் பக்கம் வளையும்போது கருவியில் மழை, இல்லாதபோது ஓய்வு.

உப்புன்னு எப்படிச் சொல்றீங்க?

காசினி விண்கலம் சனிக்குப் போகும் வழியில் 2000 டிசம்பர் 30 அன்று வியாழனைக் கடந்தது. அதன் தூசிமானி, மோதி ஆவியான துகளில் எந்த அணுக்கள் உள்ளன என்றும் பிரித்துப் பார்க்கும். அந்தத் தரவை ஃபிராங்க் போஸ்ட்பெர்க் குழு 2006-ல் வெளியிட்டது: முக்கியப் பொருள் சோடியம் குளோரைடு. நம் சமையல் உப்பேதான். கூடவே கொஞ்சம் கந்தகச் சேர்மங்களும் பொட்டாசியமும். கந்தகம் கொதிக்கும் நிலாவிலிருந்து கந்தகத் தூசிதான் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம். எரிமலை வாயுவில் உப்பு ஆவியாகவே கலந்து வருகிறது. மேலே போய்க் குளிரும்போது முதலில் திடமாக உறைவது அதுதான். மேலே சொன்ன 10 நானோமீட்டர் துகளில் தோராயமாக 90,000 சோடியம்–குளோரின் ஜோடிகள் இருக்கும்.

அயோவைச் சுற்றி சோடியம் இருப்பது இதற்கு ரொம்ப முன்பே தெரியும். 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் பிரவுன் அயோவின் நிறமாலையில் சோடியத்தின் மஞ்சள் ஒளியைக் கண்டார். அந்த மஞ்சள் எது என்று தெரிய வேண்டுமானால் அடுப்பின் நீலத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். பக்கத்தில் பெரியவர்கள் இருக்கட்டும். எங்கள் மாலைகளில் பிள்ளைகள் அதிகம் கை தட்டுவது தொலைநோக்கிக்கு அல்ல, இதற்குத்தான்.

இப்படியே போனா அயோ கரைஞ்சு போயிடாதா?

கரையாது. வாயுவாக நொடிக்கு சுமார் ஒரு டன் போகிறது. அதே வீதத்தில் 450 கோடி ஆண்டுகள் போயிருந்தாலும் அயோவின் எடையில் 0.2 சதவீதம்கூட வராது. தூசி இன்னும் அற்பம்: நொடிக்கு 100 கிராம் முதல் ஒரு கிலோ வரை. ஒரு மளிகைக் கடைப் பொட்டலம். அந்தப் பொட்டலம்தான் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கருவிகளில் மழையாகக் கொட்டியது.

விண்கலத்துக்கு ஆபத்தில்லையா?

இந்தத் தூசியால் இல்லை. வேகம் பயங்கரமானாலும் எடை இல்லை. வியாழனருகில் விண்கலத்தைக் கெடுப்பது கதிர்வீச்சு. செய்தித் தலைப்புகளில் "வியாழனின் தூசிப்புயல்" என்று போடுவார்கள். அதைப் படித்துவிட்டு வருபவர்கள் ஏமாற்றத்தோடு போவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தூசி நம்ம ஊட்டி வரைக்கும் வருமா?

தூரமும் வேகமும் மட்டும் பார்த்தால் ஒரு மாதத்துக்குள் வந்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் குறுக்கே சூரியக் காற்று இருக்கிறது. சூரியனிலிருந்து வெளிநோக்கி நொடிக்கு 400 கி.மீ. போல வீசிக்கொண்டே இருக்கும் காற்று, தன் காந்தப்புலத்தால் மின்னூட்டத் தூசியை வளைத்து வெளிப்பக்கம் அடித்துக்கொண்டு போகும். யுலிசிஸ் இந்தத் தாரைகளை வியாழனிலிருந்து 30 கோடி கி.மீ. தாண்டியும் கண்டது. ஆனால் நம் பக்கம் அவை வந்து சேர வழி நன்றாக அடைபட்டிருக்கிறது.

அந்தச் சூரியக் காற்றை அளக்கும் இடம் இங்கேயே இருக்கிறது. ஊட்டி பக்கம் முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பேருந்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டப்பட்டது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது காட்சிக்காக அல்ல: அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 பாகை, இந்த ஊரின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தொலைதூர ரேடியோ மூலங்களின் அலைகள் சூரியக் காற்றின் வழியே வரும்போது மினுங்கும். அந்த மினுக்கத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கணிப்பது முத்தோரையின் பழைய கைவேலை. வியாழனின் உப்பை வளைத்துத் தள்ளுவதும் அதே காற்றுதான்.

முத்தோரை டெலஸ்கோப்ல அயோ சத்தம் கேக்குமா?

கேட்காது. அது சுமார் 327 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அயோ தூண்டிவிடும் வியாழனின் ரேடியோ வெடிப்புகள் 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 1955-ல் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் இருவரும் 22 மெகாஹெர்ட்ஸில் வியாழனின் இரைச்சலைத் தற்செயலாகப் பிடித்தார்கள். அயோ தன் பாதையில் சில குறிப்பிட்ட இடங்களில் இருக்கும்போது அது ஓங்குகிறது என்று 1964-ல் பிக் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். வாயேஜர் எரிமலையைப் பார்ப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, அயோவுக்கும் வியாழனின் காந்தத்துக்கும் ஏதோ கணக்கு உண்டு என்று தெரிந்துவிட்டது.

இதை நீங்களே கேட்கலாம். 20.1 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ஏற்பி, ஏழு மீட்டர் சொச்சம் நீளக் கம்பியில் ஓர் இருமுனை ஆன்டெனா, மின்கம்பிகளிலிருந்து தள்ளி ஒரு வெட்டவெளி. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். தேயிலைத் தொழிற்சாலை மோட்டார் ஓடும் இரவில் வியாழன் கேட்கவே கேட்காது.

சனிக்கும் இப்படித் தூசி உண்டா?

உண்டு. 2004-ல் காசினி கண்டது. அங்கே எரிமலை இல்லை. என்செலடஸ் நிலாவின் பனி பீறல்கள் உண்டு. அந்தத் தாரையில் சிலிக்கா நுண்துகள்கள் இருந்தன. நிலாவின் உள்கடலில் சூடான நீர் பாறையைத் தொட்டால்தான் அப்படிப்பட்ட துகள் உருவாகும் என்று 2015-ல் வாதிட்டார்கள். அது தனிக் கதை.

வீட்ல இருந்து அயோவைப் பார்க்க என்ன வேணும்?

10×50 பைனாகுலர் போதும், கை நடுங்காமல் சுவரில் சாய்த்துப் பிடித்தால். நாலு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் அயோவின் நிழல் வியாழன்மேல் கரும்புள்ளியாக நகர்வதைப் பார்க்கலாம். எரிமலை தெரியாது, தெரிகிறது என்று யாராவது சொன்னால் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள்.

நீலகிரியில் ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழைக்கும் நடுவே வானம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஜனவரியில் உறைபனி கொட்டும் இரவுகள்தான் வானம் துல்லியமாக இருக்கும். லென்ஸில் ஈரம் படிவதும் அப்போதுதான். தொலைநோக்கியின் முன்னால் கறுப்பு அட்டையில் ஒரு குழல் சுற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாகப் போய் நிற்காதீர்கள். காட்டெருமையும் கரடியும் வியாழனைப் பார்க்க வருவதில்லை, ஆனால் வரும்.

அடுத்து யார் போறாங்க?

ஜூனோ விண்கலம் 2023 டிசம்பர் 30 அன்றும் 2024 பிப்ரவரி 3 அன்றும் அயோவுக்கு 1,500 கி.மீ. அருகே போய்ப் படமெடுத்தது. தூசியைப் பொறுத்தவரை அடுத்து எதிர்பார்க்க வேண்டியது யூரோப்பா கிளிப்பர். 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பியது, 2030 ஏப்ரலில் வியாழனைச் சேர வேண்டும். அதிலுள்ள தூசிப் பகுப்பாய்வுக் கருவி யூரோப்பாவின் தரையிலிருந்து எழும் துகள்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எந்தப் பொருள் என்று சொல்லும். யூரோப்பாவின் துகள்களிலும் உப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆகவே கருவியில் விழும் ஒரு சோடியம் குளோரைடுத் துகள் யூரோப்பாவின் கடலிலிருந்து வந்ததா, அயோவின் எரிமலையிலிருந்து வந்ததா என்பதை அதன் வேகத்தையும் திசையையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.